கம்பியிறுக்கமானி: ஒரு முன்னாய்வு

மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பி எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்று காட்டும் கருவி கம்பியிறுக்கமானி. மலாக்கா மாநிலம் அலோர் காஜா மாவட்டத்து ரெம்பியா வட்டாரத்தில் இதைச் செய்ய ரப்பர் மரப் பலகைத் துண்டு ஒன்று, தடித்த ஆணி மூன்று, பசாரில் மீன் நிறுக்கும் சுருள்வில் தராசு ஒன்று போதும்.

கருவியின் தேவைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டது 1888இல். டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டது 1896இல். டயர் மரத்தைத் தேடியது, மரம் ஆளைத் தேடியது, வந்த ஆள் சைக்கிள் வாங்கினார். அதன் கேரியரில் நான்கு கேலன் பால் டின் இரண்டு ஏறினால் சுமை ஏறத்தாழ 35 கிலோ. சக்கரம் சுழலச் சுழல, தரையை நோக்கி வரும் கம்பிகள் இந்தச் சுமையால் இறுக்கம் இழந்து, மேலே போனதும் மீள்கின்றன. ஏற்கெனவே தளர்ந்த கம்பியில் நிப்பிள் கழன்றுகொள்ளும். பிறகு ரிம் பெண்டு.

பழைய ஆங்கிலேய வகைச் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பேரியாழுக்கே நரம்பு 21தான் என்பதை நோக்க, பின்சக்கரத்தை நரம்புக்கருவிகளுள் வைத்து ஆராயாதது இசைநூலாரின் குறையே. சைக்கிள் கடைக்காரர் அந்தப் பிழையைச் செய்வதில்லை. கம்பியைச் சுண்டி, காதால் கேட்டுப் பெண்டு எடுப்பார். இது செவிநெறி. அடுத்தடுத்த இரு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து நசுக்கிப் பார்ப்பது விரல்நெறி. அதன் நுட்பம் பிடிப்பவரின் காய்ப்பைப் பொறுத்தது.

செவிநெறிக்கு ஓர் இடர். இறுக்கம் நான்கு மடங்கானால்தான் சுருதி ஒரு தாயி ஏறும். பத்தில் ஒரு பங்கு இறுக்கம் போனாலும் அரைச்சுரம்கூட முழுதாக இறங்காது. நாதசுரக்காரருக்குக் கேட்கும், எல்லாச் சைக்கிள் கடையிலும் நாதசுரக்காரர் கிடைப்பதில்லை.

எனவே கருவி. பலகையில் 100 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு ஆணி. ரப்பர் பலகை பிளக்கும், துளையிட்டே அடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே, அவற்றின் கோட்டிலிருந்து 1 மில்லிமீட்டர் உள்வாங்கி, மூன்றாவது ஆணி. கம்பியை முதலிரண்டு ஆணிகளில் சாத்தி, நடுவில் தராசுக் கொக்கியை மாட்டி, மூன்றாவதைத் தொடும்வரை இழுத்தால் தராசு ஓர் எடை காட்டும். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி, இறுக்கமே இல்லாவிட்டாலும், தன் சொந்த விறைப்பால் முக்கால் கிலோ காட்டும். அதைக் கழித்து மீதியை 25ஆல் பெருக்குவது முறை: தராசு நாலேமுக்கால் என்றால் இறுக்கம் 100 கிலோ.

இந்த நூற்றை நம்புவதற்கில்லை. நடு ஆணி கால் மில்லிமீட்டர் பிசகினாலே கணக்கில் கால் பங்கு பிசகும். சுத்தியல் பிடித்த எவருக்கும் கால் மில்லிமீட்டர் ஒரு பொருட்டன்று. ஆயினும் கருவி நாற்பது கம்பிகளுக்கும் ஒரே அளவில்தான் பொய் சொல்கிறது. பெண்டு எடுக்க அதுவே போதும், ஏனெனில் அங்கே வேண்டியது ஒரு கம்பிக்கும் பக்கத்துக் கம்பிக்கும் உள்ள வேறுபாடு. பின்சக்கரத்தில் சங்கிலிப் பக்கம் சற்றுக் கூடுதலாகக் காட்டினால் திருத்தப் போகக்கூடாது. ரிம் நடுவில் நிற்க அந்தப் பக்கம் இறுகியே ஆகவேண்டும். ஆகையால் இடம் இடத்தோடு, வலம் வலத்தோடு மட்டுமே ஒப்பிடத்தக்கது. கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்கும் ரிம்முக்கும் நடுவில்தான் அளக்க வேண்டும். வால்வுக்கு அடுத்த கம்பியைச் சாக்கட்டியால் குறித்துத் தொடங்காதவர் நாற்பத்தொன்றாவது கம்பியையும் அளப்பார்.

அளந்து முடிந்ததும் கொக்கியைச் சோப்புப் போட்டுக் கழுவியே தராசை மீன்காரரிடம் திருப்பித் தர வேண்டும். கிரீஸ் வாசம் ஏறிய கெம்போங் மீன் இன்னும் எவராலும் ஆராயப்படாத துறை.