கச்சேரி கேட்க நேரமில்லாதவர்

உங்கள் ஊரில் ஒரு கலை மன்றம் இருக்கும். சந்தேகமாக இருந்தால் நவம்பர் மாதத்தில் ஒரு நாள், காலை பதினோரு மணிக்குக் கடைத்தெருவில் போய் நில்லுங்கள். ஜவுளிக்கடை முதலாளி திடீரென்று கல்லாவை விட்டு எழுந்து குடோன் பக்கம் போவார். பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர், மணியே அடிக்காத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு உரக்கப் பேச ஆரம்பிப்பார். மருந்துக்கடைக்காரர் பாவம், கவுண்டருக்குள் மாட்டிக்கொண்டவர், அவருக்குத் தப்ப வழியில்லை. தெருமுனையில் ரெக்சின் பையோடு மன்றத்தின் செயலாளர் வந்துகொண்டிருக்கிறார். விழா மலருக்கு விளம்பரம் கேட்கும் காலம் இது.

செயலாளர் பெரும்பாலும் எல்.ஐ.சி.யிலோ வங்கியிலோ ஓய்வு பெற்றவர். சிறுவயதில் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போய், சரளி வரிசையோடு அப்பா நிறுத்திவிட்ட கதை ஒன்று அவருக்கு உண்டு. அதைக் கிளறக் கூடாது. பையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சந்தாவுக்கு ஒன்று, நன்கொடைக்கு ஒன்று என இரண்டு ரசீதுப் புத்தகம், மன்றத்தின் ரப்பர் ஸ்டாம்ப், மை வற்றிய ஸ்டாம்ப் பேட், லெட்டர் பேட், குத்துவிளக்குக்குத் திரி, சின்ன பாட்டிலில் நல்லெண்ணெய், மெழுகுவத்தி, தீப்பெட்டி, பேனர் கட்டச் சணல் கயிறு, பாடகருக்குத் தொண்டை கட்டினால் கொடுக்கக் கொஞ்சம் பனங்கற்கண்டு. மன்றத்துக்கு அலுவலகம் என்று தனியாகக் கிடையாது. இந்தப் பைதான் அலுவலகம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அந்த ஏழு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டும் என்று அதில் எந்தப் பிரிவும் இல்லை. இருந்திருந்தால் மாநிலத்தில் பாதி மன்றங்களின் பதிவு ரத்தாகியிருக்கும். செயற்குழுக் கூட்டம் ஐந்தரைக்கு என்றால் ஆறேகாலுக்கு நாலு பேர் வருவார்கள். கோரம் இல்லை என்று கூட்டத்தை ஒத்திவைப்பார்கள். அரை மணி கழித்து அதே நாலு பேர் அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒத்திவைத்த கூட்டத்துக்குக் கோரம் தேவையில்லை என்ற துணைவிதிப்படி சகலத்தையும் ஒருமனதாக நிறைவேற்றுவார்கள். மூன்றாவது பொருள் எல்லா வருஷமும் ஒன்றேதான்: இளைஞர்களை நம் நிகழ்ச்சிகளுக்கு வரவழைப்பது எப்படி? இதை விவாதிக்கிறவர்களில் சின்னவருக்கு வயது அறுபத்துமூன்று. எல்லாரும் அவரைத் ‘தம்பி’ என்கிறார்கள். இன்ஸ்டாகிராம் என்றால் என்ன என்று அவர்தான் மற்றவர்களுக்கு விளக்கவேண்டும்.

கூட்டத்தில் சண்டை மூண்டு யாராவது ராஜினாமாக் கடிதத்தை நீட்டினாலும் செயலாளர் பதறமாட்டார். திருவையாற்று வரலாறு படித்தவர் அவர். தியாகராஜர் மறைந்தது 1847இல். பிற்காலத்தில் அவருக்கு ஆராதனை நடத்த வந்த பக்தர்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து தனித்தனியே நடத்தினார்கள். பெண்களைப் பாடவிடாத காலம். தம் சொந்தப் பணத்தில் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் பெண்கள் கட்சி என்று மூன்றாவதை ஆரம்பித்தார். மூன்றும் ஒரே சபையாகச் சேர 1940 வாக்கில்தான் முடிந்தது. “மகான் பேர்லயே மூணு கட்சி. நம்ம பொருளாளர் கோவிச்சுக்கிட்டுப் போறதெல்லாம் ஒரு விஷயமா?” என்பார் செயலாளர். பொருளாளர் அடுத்த கூட்டத்துக்கு வந்துவிடுவார். செக்கில் இரண்டாவது கையெழுத்து அவருடையது. கோபத்திலும் அந்த உரிமையை அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

கமிட்டியின் கற்பனை முழுவதும் இறங்குவது அழைப்பிதழில். தலைமை ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். நன்கொடை தந்தவர்களோ பதினைந்து பேர். இங்கே தமிழ் கைகொடுக்கிறது. முன்னிலை, வரவேற்புரை, தொடக்கவுரை, வாழ்த்துரை, பாராட்டுரை, சிறப்புரை, நிறைவுரை, நன்றியுரை. இவ்வளவு உரைகளையும் தாண்டி, அச்சகத்தில் மிச்சமிருந்த இடத்தில், பாடுகிறவரின் பெயர் வரும். வயலின்காரர் பெயர் எழுத்துப்பிழையோடு வரும். கடம் வாசிப்பவர் ‘மற்றும் குழுவினர்’. தலைவரின் பெயர் மட்டும் பிழையில்லாமல் இருக்கும், ஏனென்றால் ப்ரூஃபை அவரே பார்த்திருப்பார். வருஷத்துக்கு இரண்டு தடவை மன்றத்துக்கு வருகிறவர் அவர், இதற்கு ஒரு தடவை.

விளம்பர வேட்டைக்கு வருவோம். முதலாளி குடோனிலிருந்து எப்படியும் திரும்பித்தானே ஆகவேண்டும்?

“முதலாளி, பின் அட்டையை உங்களுக்குன்னே வெச்சிருக்கேன்.”

“போன வருஷமும் இதையேதான் சார் சொன்னீங்க. பின் அட்டையில அப்பளக் கம்பெனி வந்துது.”

“அது அச்சகத்துக்காரன் பண்ணின குளறுபடி. சரி, விளம்பரம் வேணாம்னா நன்கொடையாக் குடுங்க. எண்பது ஜி இருக்கு.”

“நான் புது வரித் திட்டத்துல இருக்கேன் சார். அதுல எண்பது ஜி கழிக்க முடியாதாம், ஆடிட்டர் சொல்லிட்டார்.”

செயலாளர் ஒரு கணம் வாயடைத்துப் போகிறார். அந்த எண்பது ஜியை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

“கால் பக்கம் போட்டுக்கங்க. பேர் வேணாம். நலம் விரும்பின்னு போடுங்க.”

பெயரைப் போட்டால் அடுத்த வாரமே கும்பாபிஷேகக் கமிட்டியும் கிரிக்கெட் டோர்னமென்ட் பையன்களும் அந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள் என்பது முதலாளியின் கணக்கு. ஊர் ஊராகக் கலையை வளர்ப்பவர் இந்த நலம் விரும்பிதான். எல்லா மலரிலும் இருக்கிறார். எந்தக் கச்சேரியிலும் அவரைப் பார்த்தவர்கள் இல்லை.

மலரில் வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் போக ஒரு கட்டுரை இருக்கும். ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் எழுதியது, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை பற்றியது. வருஷம் மாறினாலும் கட்டுரை மாறுவதில்லை. ஆடலரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்பது செயலாளருக்கு மனப்பாடம். மேடையின் அளவை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இளங்கோ, முதல் வரிசையில் யார் யார் உட்காருவது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டாரே என்பதுதான் அவருடைய மனக்குறை. மாதவிக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கிடைத்த இடம் வரும்போது ஒரு பெருமூச்சு விடுவார். அந்த விழாவுக்கு ஸ்பான்சர் சோழ மன்னன்.

இந்தக் காலத்து மாதவிகளோடு பேசுவது தனிக் கலை. “எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?” என்று கேட்டால், “உங்க மன்றத்துக்கு நான் என்ன சொல்றது, நீங்களே பார்த்துச் செய்யுங்க” என்று பதில் வரும். தமிழில் இதைவிடச் செலவு வைக்கும் வாக்கியம் கிடையாது. பார்த்துச் செய்ததைப் பார்த்த பிறகு ஏசி கார், இரண்டு ரூம், இன்னார்தான் மிருதங்கம் என்று நிபந்தனைகள் முளைக்கும். பாரம்பரியக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வாங்கும் சன்மானத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று அரசாங்கம் விலக்குத் தந்திருக்கிறது. நமது மன்றம் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகும் அபாயம் இதுவரை வந்ததில்லை.

விழா நாள். குத்துவிளக்கு மேடைக்கு வந்துவிட்டது, எண்ணெய் வந்துவிட்டது. ஆனால் மேலே மின்விசிறி சுற்றுகிறது. மூன்று தடவை ஏற்றி மூன்று தடவை அணைந்த பிறகுதான் யாருக்காவது சுவிட்ச் நினைவு வரும். பிறகு பொன்னாடைகள். தலைவர் சிறப்பு விருந்தினருக்குப் போர்த்துவார், சிறப்பு விருந்தினர் புரவலருக்குப் போர்த்துவார், புரவலர் திரும்பத் தலைவருக்கே போர்த்துவார். போர்த்திய மறு நிமிஷமே எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். உரைகளெல்லாம் முடிந்து பாடகர் சுருதி சேர்க்க உட்காரும்போது மணி ஏழரை. பத்து மணிக்கு ஒலிபெருக்கி ஓயவேண்டும் என்பது சட்டம். சிறப்புரையாளருக்கும் அந்தச் சட்டம் தெரியும், ஆனால் அது பாட்டுக்கு மட்டும் பொருந்தும் என்று நினைக்கிறார்.

கச்சேரி ஆரம்பமாகிவிட்டது. செயலாளரை மண்டபத்துக்குள் தேடாதீர்கள். வர்ணம் போகும்போது அவர் வாசலில், யாரோ குறுக்கே நிறுத்திவிட்டுப் போன காரின் சொந்தக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறார். காம்போதி ஆலாபனையின்போது ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஆளை அனுப்புகிறார். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து வெளியே வரும் கூட்டத்தைப் பார்த்து, எத்தனை பேர் திரும்ப உள்ளே போவார்கள் என்று மனக்கணக்குப் போடுகிறார். துக்கடாக்களின் நேரம் கவருக்குள் பணத்தை எண்ணி வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயம் தேடுகிற நேரம். இத்தனை வருஷத்தில் அவர் முழுசாகக் கேட்டது இரண்டே உருப்படி: “ஹலோ, மைக் டெஸ்டிங்” ஒன்று, மங்களம் இன்னொன்று.

இப்படிப்பட்டவர் கச்சேரி நன்றாக இருந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்கிறார்? வழி இருக்கிறது. அவர் மனைவி நாலாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் கேட்பவர். பக்கவாத்தியக்காரர்களில் யார் பூண்டு சாப்பிடமாட்டார், யாருக்குக் கச்சேரிக்கு முன்னால் தயிர்சாதம் மட்டும் போதும் என்பதும் அவருக்கே தெரியும், ஏனென்றால் சாப்பாடு போனது அவர் அடுப்பிலிருந்து. ராத்திரி பதினொன்றரைக்குச் செருப்பைக் கழற்றிக்கொண்டே செயலாளர் கேட்பார்: “எப்படி இருந்துது?”

“காம்போதி ரொம்ப நல்லா இருந்துதுங்க. பல்லவிலதான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு.”

மறுநாள் காலை புரவலரிடம் செயலாளர் சொல்வார்: “காம்போதி பிரமாதம். பல்லவியில மட்டும் கொஞ்சம் அவசரம்னு எனக்குப் பட்டுது.” உள்ளூர் நிருபர் அதைக் குறித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் அது செயலாளரின் கருத்தாக வரும். மனைவி அதைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைப்பார்.

மற்றவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இணைச் செயலாளர் ‘இணை’யை எடுத்துவிடும் நாளுக்காகக் காத்திருக்கிறார். தணிக்கையாளர் வவுச்சர் கேட்பார், பூக்காரி வவுச்சர் கொடுக்கமாட்டாள். ஒரே ஒரு கல்லூரி மாணவி யூடியூபில் நேரலை போடுகிறாள். “எத்தனை பேர் பாக்கறாங்கம்மா?” என்று செயலாளர் கேட்க, “பதினொண்ணு சார்” என்கிறாள். அதில் பாடகரின் அக்கா, அத்தை, அமெரிக்காவில் இருக்கும் மகன் போக மீதி எட்டு. மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழைப் பார்த்துக் கைகூப்பியவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள்.

விழா இல்லாத மாதங்களில் இந்த மனிதர் என்ன செய்கிறார் என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்கிறார். ஊருக்கு ஓர் அரங்கம் கேட்டு அவர் கொடுத்த மனுக்களின் நகல்கள் தனி ஃபைலாக இருக்கின்றன. இயல் இசை நாடக மன்றத்தில் நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகை உண்டு, நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் உண்டு. உண்டுதான். ஆனால் படிவத்தை யார் நிரப்புவது? வாழ்நாளெல்லாம் தவில் அடித்தவருக்குப் படிவம் என்றால் கை நடுங்குகிறது.

“பிறந்த தேதி என்ன அண்ணே?”

“மாமாங்கத்துக்கு முந்தின வருஷம்னு எங்கம்மா சொல்லும்.”

“எந்த மாமாங்கம்?”

“கூட்டம் அதிகமா இருந்துதே, அது.”

1956ஆ 1968ஆ என்று செயலாளர் முகத்தைப் பார்த்து ஊகித்துவிட்டு, கடைசியில் ‘ஆதார் அட்டையே, காப்பாற்று’ என்று வேண்டிக்கொள்கிறார். இந்த வேலைக்கு அழைப்பிதழ் கிடையாது, முன்னிலை கிடையாது. மன்றம் செய்கிற காரியங்களில் ஆக உருப்படியானது இதுதான் என்பது என் கட்சி.

மாவட்டந்தோறும் அரசு கலைஞர்களுக்கு விருது தருகிறது. பதினெட்டு வயதுவரை கலை இளமணி, பிறகு கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, அறுபத்தைந்து தாண்டினால் கலை முதுமணி. வயதுக்கேற்ற ஐந்து மணிகள். விண்ணப்பத்தை எழுதி, போட்டோ ஒட்டி, கெடுவுக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு ஆறாவதாக ஒரு மணி இல்லை. அவரும் கேட்டதில்லை. கேட்டால் அந்தப் படிவத்தையும் அவரேதான் நிரப்பவேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஆயுள் சந்தாவைக் கொடுத்துவிடுங்கள், ரசீதைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் ஒரே ஒரு சாயங்காலம், காரைத் தள்ளி நிறுத்தச் சொல்லவும் டீசல் வாங்கவும் கவரை எண்ணவும் நீங்கள் வாசலில் நில்லுங்கள். அவர் உள்ளே போய் நாலாவது வரிசையில், மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காம்போதியை முழுசாகக் கேட்கட்டும். சம்மதிக்கமாட்டார். பையை உங்கள் கையில் தரவே மாட்டார். இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.