அசல் கோயமுத்தூர்க்காரர்

கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவனிடம் ஊரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "எங்கீங்க, ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கறாங்க, வெயிலும் நெம்ப ஆயிப்போச்சு" என்று சலித்துக்கொள்வான். ஊரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை காதில் விழ வேண்டுமானால் அசல் கோயமுத்தூர்க்காரரைத்தான் பிடிக்க வேண்டும். அவர் சென்னையிலிருந்து வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும்.

சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சிப் பக்கம் ஏதாவது அடுக்குமாடியின் உச்சியில் அவர் இருப்பார். வேளச்சேரியில் மழைக்கு மழை காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திச் சலித்தவர். 2020-இல் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும், எந்த வீட்டிலிருந்து என்று யாரும் சொல்லவில்லையே என யோசித்து மூட்டை கட்டியவர். அன்று முதல் அவர் பேச்சு எங்கே தொடங்கினாலும் 411-இல் வந்து நிற்கும். ஊர் கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறதாம். இங்கேயே பிறந்த எனக்கு இதை அவர் சொல்லித்தான் தெரியும்.

"பாலக்காட்டுப் பக்கம் மலை ஒரு 30 கிலோமீட்டர் விட்டுப்போயிருக்கு சார். பருவக்காத்து அந்த வாசல் வழியா நேரா நம்ம பால்கனிக்கு வருது" என்பார். ஆனி ஆடியில் அது உண்மைதான். சித்திரையில் 38 டிகிரி காயும்போது மட்டும் கணவாயைப் பற்றி மூச்சு விடமாட்டார். பால்கனிக் கதவைச் சாத்தி ஏ.சி. போட்டுக்கொள்வார். வந்தே பாரத்தில் சென்னை போய்த் திரும்புகிற நாட்களில், திருப்பூர் தாண்டியதும் நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "காத்தே மாறுது பாருங்க" என்று பக்கத்து சீட்டுக்காரரை எழுப்புவார். அந்த ரயிலில் ஜன்னல் திறக்காது. சென்ட்ரலில் ஏறிய அதே ஏ.சி. காற்றுதான்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். வீட்டுக்குப் போனதும் காப்பிக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். "குடிச்சுப் பாருங்க. சிறுவாணி. உலகத்திலேயே ருசியில ரெண்டாவது." இந்தப் பட்டியலை யார் போட்டார்கள், முதலிடம் எந்தத் தண்ணீருக்கு என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிறுவாணி அணை இருப்பது கேரளத்தில். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத்தான் தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது. வந்தாலும் ஊர் முழுக்கப் போய்ச் சேருவதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலும் பவானி ஆற்றின் பில்லூர்த் தண்ணீர், தெற்கே குறிச்சிப் பக்கம் ஆழியாறு. நல்ல தண்ணி வாரத்துக்கு ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம், பத்து நாள் ஆகிற வீதிகளும் உண்டு. புது அடுக்குமாடி என்றால் குளிக்கத் துவைக்க போர்த் தண்ணி, அதாவது உப்புத்தண்ணி. குடிக்கக் கேன். அவர் சமையலறை மூலையில் அந்தக் கேன் நீலமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் நான் டம்ளரைக் காலி செய்தேன். "எப்படி?" என்றார். "இனிக்குதுங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

பேச்சையும் மாற்றிக்கொண்டுவிட்டார். அலுவலகக் கூட்டத்தில் அமெரிக்காக்காரன் இருக்கிறானே என்றுகூடப் பார்க்காமல் "ஆமாங்", "சரிங்" என்கிறார். வீட்டு நாய்க்குட்டியிடம் "உக்காருங்க" என்கிறார். இதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் அப்புச்சி மாட்டுக்கன்றைக்கூட "வாங்க சாமி" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் இந்த ஊர் மரியாதையின் உட்பொருள் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. குழாய் ரிப்பேர்க்காரர் "நாளைக்குக் காத்தால வந்தர்றனுங்" என்றார். வரவில்லை. மறுநாளும் போனில் அதே பணிவு, அதே "வந்தர்றனுங்". சென்னையில் இருந்திருந்தால் இந்நேரம் சண்டை போட்டிருப்பார். இங்கேயோ, "எவ்வளவு மரியாதையா வராம இருக்கார் பாருங்க!" என்று என்னிடம் சொல்லிப் பூரித்துப்போனார்.

சாப்பாட்டில் அவர் அடித்த கூத்து வேறு. எங்கள் வீடுகளில் அரிசிம்பருப்புச் சாதம் என்பது, அம்மாவுக்குச் சமைக்க அலுப்பாக இருக்கும் நாளில் குக்கரில் ஒட்டுக்காப் போட்டு இறக்குவது. ஒறம்பரை வந்திருக்கும்போது அதை வைத்தால் நாலு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அவர் எங்களைக் குடும்பத்தோடு விருந்துக்குக் கூப்பிட்டு, வாழை இலை போட்டு, நடுவில் அதைத்தான் வைத்தார். "பாரம்பரியம்!" என்றார். என் வீட்டம்மா முகத்தை நான் பார்க்கவில்லை.

இவ்வளவு ஆசையிருந்தால் ஊர் வளர்வதில் சந்தோஷம் இருக்க வேண்டுமே? அங்கேதான் இடிக்கிறது. அவிநாசி சாலையில் பத்து கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலத்தை 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஊரே குடும்பத்தோடு வண்டி எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனது. அவர் மட்டும் "போச்சு, இதுவும் மெட்ராஸ் ஆயிடுச்சு" என்று துக்கம் காத்தார். அடுத்த மாதமே மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 20 லட்சம் ஜனத்தொகை இருக்க வேண்டும் என்று விதி, 2011 கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தால் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயுமாக நாங்கள் கொதித்துக்கொண்டிருந்தோம். "நல்லதுங்க, ஊர் இப்படியே இருக்கட்டும். இதுக்கு மேல யாரும் வரக் கூடாது" என்றார் அவர். காந்திபுரத்தில் டவுன்பஸ் படியில் கடைசியாகத் தொற்றியவர்தான், "உள்ள எடமில்ல, வண்டிய எடுங்கண்ணா" என்று கண்டக்டரை அதட்டுவார்.

ஊர் கெட்டுப்போவதற்குள் ஆனைமலைப் பக்கம் தோப்பு வாங்கிப் போய்விட வேண்டும் என்று அடுத்த திட்டம். இடம் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மலையும் வாய்க்காலும் தென்னையுமாக அந்த இடத்தைப் பார்த்தால் யாருக்கும் புத்தி மாறும்தான். தோப்புக்காரப் பெரியவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏனுங் தம்பி, மரத்தப் பாத்தீங்களா? வாடல் நோய் வந்து நானே வெட்டிப் போட்டுட்டு இருக்கறனுங். வெள்ளை ஈ வேற. இதுல என்னத்தப் பாத்து வாங்கறீங்?"

"காத்துக்காகங்க ஐயா."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். "காத்துக்குக் காசு வேண்டாமுங். சும்மா வந்து உக்காந்துட்டுப் போங்" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். அந்த மனுஷர் காசு வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம்.

திரும்பும் வழியில் மாசாணியம்மன் கோயில். படுத்த கோலத்தில் இருக்கும் அம்மன். அநியாயத்துக்கு ஆளானவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிட்டால் அம்மன் கேட்பாள் என்பது இங்கே நம்பிக்கை. களவு கொடுத்தவர், பங்காளியிடம் ஏமாந்தவர் எல்லாம் வரிசையில் இருந்தார்கள். இவரும் நின்று, கண்ணில் நீர் வழிய வழிய அரைத்தார். யார் மேல் இவ்வளவு காட்டம் என்று கேட்டேன்.

"மெட்ராஸ்ல இருந்து வந்து ஊரைக் கெடுக்கறாங்களே, அவங்க மேலதாங்க!"

அம்மன் என்ன முடிவெடுப்பாள் என்று தெரியாமல் அவரை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

இதைப் படித்துவிட்டும் இங்கே குடிவர நினைப்பவர்கள் தாராளமாக வாருங்கள். ஊரில் இடம் இருக்கிறது. வீடு பார்க்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள்: நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.