ரெட்டைக்குழல் பெரியவர்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் இன்னும் சிலர் மிச்சம் இருக்கிறார்கள். வயது எழுபதை ஒட்டி இருக்கும். பீரோவில் துப்பாக்கி இருக்கும். அதை வெகு காலமாக விற்றுக்கொண்டே இருப்பார்கள், விற்றபாடில்லை. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ரெட்டைக்குழல் பெரியவர் என்று பெயர் வைத்துவிடுகிறேன்.

பெரியவர் சுட்டு நான் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று சொல்கிற ஆளையும் பார்த்ததில்லை. வேட்டைக் கதைகளுக்கு மட்டும் குறைவிருக்காது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது என்று நாம் மெல்ல ஞாபகப்படுத்தினால், "அதுக்கு முந்திங்க" என்பார். கணக்குப் போட்டால் அப்போது அவருக்கு மீசை சரியாக முளைத்திருக்காது. சுட்டதெல்லாம் அப்புச்சி. இவர் டார்ச் பிடித்திருப்பார்.

ஆதியில் மூன்று இருந்தன. அப்புச்சி வாங்கிய வெப்லி அண்ட் ஸ்காட் ரெட்டைக்குழல், அப்பா வாங்கிய ஒற்றைக்குழல், கூட்டுறவுச் சங்கத் தலைவராக இருந்த காலத்தில் இவரே வாங்கிய பாயின்ட் 32 ரிவால்வர். ஒரு காலத்தில் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 1983இல் ஆளுக்கு மூன்று என்றார்கள். 2019 டிசம்பரில் அதை இரண்டாக்கிவிட்டார்கள். மசோதாவில் ஒன்றே ஒன்று என்றுதான் இருந்தது. ஆட்சேபம் கிளம்பிய பிறகு இரண்டாயிற்று. மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். நில உச்சவரம்பையே அசராமல் சமாளித்த குடும்பம் அது. துப்பாக்கிக்குப் பினாமி கிடையாது என்பதை ஜீரணிக்கத்தான் நாளாயிற்று.

சும்மா விட்டுவிடவில்லை. ரைபிள் கிளப்பில் சேர்ந்தால் விலக்கு உண்டு என்று யாரோ சொல்ல, கோயமுத்தூர் வரை போய் விசாரித்தார். அந்த விலக்கு, குறிபார்த்துப் பழகும் பாயின்ட் 22 ரைபிளுக்கும் ஏர் ரைபிளுக்கும்தான் என்றார்கள். பிறகு வீட்டம்மா பேரில் ஒரு லைசென்ஸ் வாங்கலாம் என்று யோசனை. அந்த அம்மா மோர் ஆற்றிக்கொண்டே, "வாங்கிக் குடுங்க. எதுக்கு வேணும்னு கலெக்டர் ஆபீஸ்ல கேட்டா உண்மையைச் சொல்லிப்போடுவேன்" என்றார்கள். யோசனை அதோடு நின்றது.

ஒற்றைக்குழல் கடைக்குப் போயிற்று. கடைக்காரர் கொடுத்த விலையைப் பெரியவர் இன்றுவரை வெளியில் சொல்லவில்லை. இப்போது அது ஒரு வங்கிக் காவலாளியின் தோளில் தொங்குகிறது. பன்னிரண்டு போர் துப்பாக்கிகளுக்கு இந்தக் காலத்தில் வாய்க்கிற பிழைப்பு பெரும்பாலும் அதுதான். பெரியவர் பணம் எடுக்கப் போகிறபோதெல்லாம் வாசலில் நின்று, "ஏந் தம்பி, குழலைத் தொடைக்கறதே இல்லையா?" என்று அதட்டுகிறார். காவலாளி பட்டாளத்தில் இருந்து வந்தவர். மேலதிகாரி என்று நினைத்து விறைப்பாக நிற்கிறார்.

மிச்சம் இரண்டு. மகன் டெக்சாஸில். "இங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஒரே மத்தியானத்தில் கராஜில் வைத்தே விற்றுவிட்டார்ப்பா. எனக்கு எதுவும் வேண்டாம், கொடுத்துவிடுங்கள்" என்று போனில் சொல்லிவிட்டான். அந்த மாநிலத்தில் தனி ஆள் தனி ஆளுக்கு விற்பதற்கு அவ்வளவுதான் சம்பிரதாயம். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. துப்பாக்கி விற்பனை என்றால் ஒரு முறை வேண்டாமா?

நம் சட்டத்தில் முறைக்குக் குறைவே இல்லை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதை நேரடியாக விற்கலாம். வாங்குகிறவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். அவர் இன்னார், இன்ன விலாசம் என்று கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் கொடுத்துவிட்டு, குறைந்தது 45 நாள் பொறுக்க வேண்டும். வாங்குகிறவர் எப்படிப்பட்டவர் என்று அரசாங்கம் விசாரித்துக்கொள்ளத்தான் அந்த அவகாசம். பெரியவரும் சேர்ந்து விசாரிக்கிறார். அங்கேதான் வியாபாரம் கெடுகிறது.

ஒருவர் காரில் வந்து இறங்கினார். பெரியவர் மரப்பெட்டியைத் திறந்து, பழைய வேட்டித் துணியை ஒவ்வொரு மடிப்பாக விலக்கி, ரெட்டைக்குழலை எடுத்தார். தையல் மெஷின் எண்ணெய் வாசம் வந்தது. முதல் காரியமாகக் குழலை மடக்கித் தோட்டா இல்லை என்று எல்லோருக்கும் காட்டினார். வெற்றுத் துப்பாக்கியைக்கூட ஆள் பக்கம் திருப்ப மாட்டார். அந்த விஷயத்தில் அவர் சொக்கத்தங்கம். பிறகு குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "பாருங்க மாப்ள, ஒரு பொட்டுத் துரு இருக்குதா?" என்றார். வந்தவர் பார்க்கவில்லை. வாங்கித் தோளில் சாய்த்து ஒரு செல்பி எடுத்துக்கொண்டார். எடுக்கும்போது குழல் முனை பூஜையறைப் பக்கம் திரும்பியிருந்தது. போதாதா! நோட்டீஸ் கொடுத்து நாற்பது நாள் ஆன பிறகு, "மனசு ஒப்பலீங்க" என்று இன்னொரு மனு எழுதிக் கொடுத்தார்.

ரிவால்வருக்கு ஆள் வரிசையில் நிற்கிறது. அதை விற்பதில் அவருக்கு வருத்தமும் இல்லை. பிறகு ஏன் விற்கவில்லை? என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி போனால் போகட்டும், லைசென்ஸ் புத்தகம் போகக்கூடாது. இரண்டையும் விற்றுவிட்டால் எதைக் காட்டி லைசென்ஸைப் புதுப்பிப்பது? லைசென்ஸ் இல்லையென்றால் தேர்தல் வந்தால் என்ன செய்வது?

தேர்தல்தான் அவருக்குத் திருவிழா. தேதி அறிவித்ததும் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லித் தகவல் வரும். பின்பக்கத் தெரு வழியாகப் போனால் ஸ்டேஷன் ஐந்து நிமிஷம். பெரியவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு கடைவீதி, பஸ் ஸ்டாண்டு, மாரியம்மன் கோயில் என்று சுற்றித்தான் போவார். உறை மேல் ஒரு கை. ஏட்டு எழுந்து நாற்காலி போட்டு ரசீது கொடுப்பார். வாக்கு எண்ணிக்கை முடிந்து திரும்ப வாங்கும்போது கீறல் விழுந்திருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பார்ப்பார். ஓட்டுப் போடுவதைவிட இதைத்தான் அவர் ஜனநாயகக் கடமையாக நினைக்கிறார்.

சமீபத்தில் ஒரு புதுக் குறை. தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் கேரளம். அங்கே 2022இல் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களிடமே கொடுத்து, லைசென்ஸ் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். "எல்லையை அரை மைல் இந்தப் பக்கம் தள்ளிப் போட்டிருந்தா என்னங்க?" என்று மாநிலச் சீரமைப்புக் கமிஷன் மேல் கோபப்படுகிறார்.

ஆயினும் விற்கப் போவது உறுதி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். வாங்க உத்தேசம் உள்ளவர்கள் லைசென்ஸோடு போகலாம். போனதும் குழலுக்குள் பாருங்கள். போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். ஆயுத பூஜைக்கு முன்னால் மட்டும் போக வேண்டாம். சந்தனம் குங்குமம் வைத்த துப்பாக்கியை அவர் தர மாட்டார்.