கடனை வாங்கிக்கொள்ள ஆளில்லை

2006, 2007 வாக்கில் பெட்ரோல் பங்க், ஷாப்பிங் மால், தியேட்டர் வாசல் என்று எங்கே நின்றாலும் டை கட்டிய பையன் ஒருவன் ஃபாரத்தை நீட்டுவான். "லைஃப்டைம் ஃப்ரீ சார்." யாருடைய லைஃப் என்று அன்றைக்கு எவரும் கேட்கவில்லை. என் மைத்துனனும் அப்படித்தான் ஒரு கையெழுத்துப் போட்டான். கிரெடிட் கார்டுக்காக அல்ல, கூடக் கொடுத்த பயணப் பைக்காக. பையின் ஜிப் ஒரே மாதத்தில் பிய்ந்துவிட்டது. கார்டு மட்டும் உறையைவிட்டு வெளியே வராமலே இத்தனை வருஷமாக உழைத்திருக்கிறது.

வீட்டுக் கடனுக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சம்பளச் சீட்டு, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பக்கா. அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். "சிபில்ல ஒரு ரிட்டன் ஆஃப் இருக்கே சார்?"

இவனுக்கு ஒரே சந்தோஷம். "தள்ளுபடி பண்ணிட்டாங்களாம் அத்தான்!" தேர்தலுக்குத் தேர்தல் கடன் தள்ளுபடி பார்த்து வளர்ந்த பிள்ளை, வேறெப்படி நினைப்பான்?

நடந்தது இதுதான். லைஃப்டைம் ஃப்ரீ கார்டுக்கு எங்கிருந்தோ ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய் முளைத்தது. பில், இவன் காலி செய்துவிட்ட வாடகை வீட்டுக்குப் போனது. கட்டாததற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி, வட்டிக்கு வரி. கார்டு பாக்கியைப் பெரும்பாலும் 180 நாள் பார்த்துவிட்டு வராக்கடனில் தள்ளிவிடுவார்கள். அதுதான் ரிட்டன் ஆஃப், வங்கி தன் கணக்குப் புத்தகத்தைத் துடைத்து வைத்துக்கொள்ளும் சமாசாரம். கடன் நம் தலையில் அப்படியே இருக்கும். நம் கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கும் சிபில் அறிக்கையில் மாதத்துக்கு ஒரு கட்டம். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000 என்று போடுவார்கள். வாழ்க்கையில் முட்டை வாங்கினால் பெருமைப்படக்கூடிய ஒரே இடம் அது. இவன் கட்டங்களில் 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போயிருந்தது.

"ஏழு வருஷம் ஆனா தானா அழிஞ்சிடுமாமே?" என்றான். அது அமெரிக்கச் சட்டம். இங்கே 2005-ஆம் வருஷக் கடன் தகவல் நிறுவனச் சட்டத்தின்படி வந்த விதிகள், ஏழு வருஷமாவது வைத்திருக்கச் சொல்கின்றன. எட்டாம் வருஷம் அழித்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. மூன்று வருஷம் தாண்டிய பாக்கிக்குப் பொதுவாக வழக்குப் போட முடியாது என்பதும் நிஜம். ஆனால் சிபிலுக்குக் கோர்ட் எதற்கு?

சரி, கட்டித் தொலைக்கலாம் என்று கிளம்பினால் வாங்கிக்கொள்ள ஆளில்லை. கிளையில் கேட்டால் கார்டு பிரிவு தனி என்றார்கள். கார்டு பிரிவில் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று அழுத்தச் சொல்லிவிட்டு, பதினாறு இலக்க எண்ணைக் கேட்டார்கள். உறையோடு கார்டைத் தூக்கிப் போட்டவனுக்கு எண் எங்கே ஞாபகம் இருக்கும்? கொடுக்கும்போது நம்மைத் துரத்தியவர்களை, திருப்பித் தர நாம் துரத்தவேண்டியிருக்கிறது.

ஒரு மின்னஞ்சல் தட்டினோம். அதற்குப் பலன் இருந்தது. வசூல் ஆட்கள் காலை எட்டுக்கு முன்பும் மாலை ஏழுக்குப் பிறகும் கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எங்களுக்கு வாய்த்தவர் உத்தரவை மதிப்பவர். எட்டு அடித்ததும் கூப்பிட்டார்.

"மொத்தம் 41,000 சார். உங்களுக்காக மேனேஜர்கிட்ட பேசி 12,000-ல முடிச்சுத் தரேன். ஆனா இன்னிக்கே கட்டணும்."

ஆடித் தள்ளுபடிகூட ஒரு மாதம் நிற்கும். மைத்துனன் அதற்குள் ஜிபேயைத் திறந்துவிட்டான். "போனைக் கீழே வை மாப்ளே!" என்று கத்தினேன். பேரம் பேசிக் கட்டினால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்த வங்கிக்காரர் அதை 'முழுசாகக் கட்டாதவன்' என்றுதான் படிப்பார். பணமும் போய், பெயரும் தேறாது.

பதிலுக்கு ஸ்டேட்மென்ட் கேட்டோம். கார்டில் என்ன வாங்கினான், எந்தக் கடையில், எந்தத் தேதியில்? ஒரு தீப்பெட்டிகூட வாங்கவில்லை, அத்தனையும் கட்டணம். சிபிலிலும் ஆட்சேபணை பதிவு செய்தோம். வங்கி ஒப்புக்கொள்ளாமல் அவர்களாக ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டார்கள், ஆனால் கேட்டே ஆகவேண்டும். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை.

வங்கி முப்பது நாளைத் தாராளமாகத் தாண்டிவிட்டு, கட்டணங்களை ரத்து செய்து, பாக்கி இல்லை என்று கடிதமும் கொடுத்தது. நூறு ரூபாய்க் கணக்கைப் பற்றிக் கடிதத்தில் மூச்சே இல்லை. மைத்துனன் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படியொரு களையை அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த வசூல்காரருக்கே போன் போட்டான்.

"சார், உங்க பேங்க் எனக்குப் பாக்கி வெச்சிருக்கு. வசூல் பண்ணித் தருவீங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "எனக்கு எத்தனை பர்சென்ட் சார்?"