நான் சீரியல் பார்க்கிறதில்லை

"நான் சீரியல் எல்லாம் பார்க்கிறதில்லைப்பா" என்று ஒருவர் ஆரம்பித்தால், அந்த வாரத்துக் கதை திங்கள் முதல் சனி வரை வரிசையாக வரப்போகிறது என்று அர்த்தம். கையில் டீ இருந்தால் ஆறிப்போகும். பஸ் வந்தால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான். எங்கள் மலையூரான கொட்டச்சேட்டில் நின்றுகொண்டு அப்படி விட முடியாது. குப்பனூர் வழியாகச் சேலம் இறங்குகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்பது டிரைவருக்கும் மலைக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். இருந்தும் விட்டிருக்கிறேன். சொல்கிறவர் பெரியப்பா முறை, பாதியில் எழுந்து ஓட முடியுமா?

ஊருக்கு ஊர் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெரியப்பா காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். யார் என்றைக்கு எந்தக் காட்டில் எத்தனை கிலோ பழம் பறித்தார் என்பதைச் செக்ரோல் நோட்டைத் திறக்காமலே சொல்வார் என்று பெயர். ஓய்வுக்குப் பிறகு அந்த ஞாபகசக்திக்கு வேலை வேண்டாமா? எந்த மருமகள் எந்த வெள்ளிக்கிழமை எந்த நகையை அடகு வைத்தாள் என்பது இப்போது அந்தத் தலைக்குள் பதிவாகிறது. ஆனால் அவர் சீரியல் பார்ப்பதில்லை. வீட்டில் "அவ" போடுகிறாள், இவர் காதில் விழுகிறது.

காதில் விழுகிற விதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். டிவிக்கு நேராக உட்கார மாட்டார். உட்கார்ந்தால் பார்க்கிறவர் ஆகிவிடுவாரே! பிளாஸ்டிக் நாற்காலி வாசலைப் பார்த்துக் கிடக்கும். உடம்பு வாசலுக்கு, கழுத்து டிவிக்கு. மடியில் காலையில் வந்த பேப்பர். அவரிடம் கண்ணாடி இரண்டு, படிக்க ஒன்று, தூரத்துக்கு ஒன்று. எட்டேமுக்கால் வரை படிக்கிற கண்ணாடியில் பேப்பர் ஓடும். டைட்டில் பாட்டு கேட்டதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்த் தூரக் கண்ணாடியை எடுத்து மாட்டும். பேப்பர் மட்டும் விரித்தது விரித்தபடி இருக்கும். அந்தக் கண்ணாடியில் அவருக்குத் தலைப்புச் செய்திகூடத் தெரியாது. விளம்பரம் வந்ததும் கண்ணாடி மாறும், "மழை வருமாமே" என்று ஒரு செய்தி படிப்பார். விளம்பரம் முடிந்தால் மறுபடி தூரக் கண்ணாடி. ரிமோட் தொடைக்கு அடியில். "அவ எங்கயாவது வெச்சிட்டுத் தேடுவா, அதான்."

சத்தம் போடாமல் பார்க்கவும் தெரியாது. "கதவுக்குப் பின்னாடிதான்டா நிக்கிறா, திரும்பிப் பாருடா மடையா!" என்று ஒருநாள் கத்தினார்.

"யாரு பெரியப்பா?"

"யாரா? நாயைச் சொன்னேன். தெருவுல எதையோ தேடுது."

விஜய் டிவியில் 'சிறகடிக்க ஆசை' 2023 ஜனவரியில் ஆரம்பித்தது. மலேசியாவில் பணக்கார அப்பா இருப்பதாகப் பொய் சொல்லி, கிருஷ் என்று ஒரு மகன் இருப்பதை மறைத்து, மனோஜைக் கட்டிக்கொண்ட ரோகிணியால் பெரியப்பா பட்ட பாட்டை அவர் பிள்ளைகளால்கூடப் பட்டதில்லை. திங்கட்கிழமை, "இந்த வாரம் மாட்டிருவா" என்பார். புதன்கிழமை, "புரோமோவுல காட்டிட்டான், இனி தப்ப முடியாது" என்பார். சனிக்கிழமை ராத்திரி கரண்டு போன வீடு மாதிரி முகம் இருண்டிருக்கும். "விட்டுட்டானுங்க. வாழவந்தி ஊரு வரைக்கும் எல்லாருக்கும் தெரியுது, ஒரே வீட்டுல இருக்கிற மாமியார் விஜயாவுக்குத் தெரியலையாம்! இந்தக் கண்றாவிய எவன் உக்காந்து பாக்குறான்?" ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் விசாரணைக் கமிஷன் கூடும். வியாழக்கிழமை வரும் டிஆர்பி கணக்கும் கமிஷன் முன் வைக்கப்படும். அது பேத்தி போனில் காட்டியதாம். பேத்தி படிப்பது ஐந்தாவது.

மழைக்காலத்தில் எங்கள் மலையில் சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழாமல் ஒரு வாரம் போவது அபூர்வம். எட்டரைக்குக் கரண்டு போனால் பெரியப்பா முதலில் சொல்வது, "அப்பாடா, நிம்மதி." அடுத்த நிமிஷம் லைன்மேனுக்குப் போன் போகும். "தம்பி, ரோட்டுல காட்டுமாடு சுத்துது, வெளிச்சம் இல்லாம ஜனங்க பயப்படுறாங்க." லைன்மேனும் இந்த ஊரில் காலம் தள்ளுகிறவர்தானே. "ஒம்போதுக்குள்ள வந்துரும்னு சொல்லுங்க பெரியவரே" என்பார். கரண்டு இருந்து மழை மட்டும் வலுத்துத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்தால், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கூரையேறி டிஷ்ஷைத் திருப்புவார். ஆணி ஆடுகிறதா என்று பார்க்கத்தான்.

இந்தப் 'பார்க்கிறதில்லை'க்கு வரலாறும் உண்டு. 1987-இல் எஸ்டேட் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து தூர்தர்ஷன் 'ராமாயணம்' பார்த்தது பக்தி. 1999-இல் 'சித்தி' பார்த்தது ராதிகாவின் நடிப்புக்கு மரியாதை. 'மெட்டி ஒலி' பார்த்தது ஐந்து பெண்களைப் பெற்ற அந்தச் சிதம்பரத்துக்கு ஆறுதலாக. 2006-இல் வந்த இலவசக் கலர் டிவியை வாங்கி வைத்தது அரசாங்கம் கொடுப்பதை மறுக்கக் கூடாது என்பதால். 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்று 'மெட்டி ஒலி' மறுபடி வந்தபோது, "பழசைப் பாக்குறது சீரியல் பாக்குறதுல சேராது" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

சன் டிவியின் 'எதிர்நீச்சல்' 2022-இல் வந்தபோதுதான் ஆள் கையும் களவுமாகப் பிடிபட்டார். இயக்குநர் திருச்செல்வம்தான் 'கோலங்கள்' எடுத்தவர், அதில் தொல்காப்பியனாக வந்தவரும் அவரே என்று, பார்க்காத ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். 'எதிர்நீச்சல்' வில்லன் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி காலை, அந்தத் தொடருக்கே டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அன்றைக்குப் பெரியப்பா இட்லியைத் தொடவில்லை. "யாரோ நடிகராம், பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபிக் களத்துப் பக்கம் நடந்தார். திட்டித் தீர்ப்பதற்கென்றே ஒருவனை நம்பியிருந்த மனுஷர், திட்ட ஆளில்லாமல் திரும்பி வந்தார். அன்றைக்கு மட்டும் நான் கிண்டல் செய்யவில்லை. பிறகு 'இவருக்குப் பதில் இவர்' என்று வேல ராமமூர்த்தி வந்தார். "'குற்றப் பரம்பரை' எழுதின எழுத்தாளர்ப்பா. இது இலக்கியம்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு குணசேகரனை மறுபடி திட்ட ஆரம்பித்தார்.

அந்தத் திட்டுதான் எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு வரவழைப்பதில்லை. வீட்டுக்கு வந்த படித்த மருமகள்களை வேலைக்கு விடாமல் அடுப்படியில் அடைத்து வைக்கிறவன் குணசேகரன். "இவனெல்லாம் ஒரு ஆம்பளையா? அதுங்களும் மனுசிங்கதானே?" என்று பெரியப்பா பொங்குவார். பொங்கி முடித்த கையோடு, அதே தொண்டையில், "ஏய், சுடுதண்ணி என்னாச்சு? இன்னும் எத்தனை நேரம்?" என்பார். சுடுதண்ணி வரும். பின்னாலேயே சாப்பாடு வரும், மாத்திரை வரும். இவர் நாற்காலியைவிட்டு எழுவதில்லை. தட்டில் கை கழுவி அங்கேயே வைத்தால் அதை எடுக்கவும் பெரியம்மாதான் வர வேண்டும்.

ஊரெல்லாம் சீரியல் பைத்தியம் என்று பெயர் வாங்கியிருக்கிற அந்தப் பெரியம்மா ஒரு எபிசோடையாவது உட்கார்ந்து முழுசாகப் பார்த்து நான் கண்டதில்லை. சப்பாத்திக் கட்டையோடு கதவோரம் வந்து நிற்பார், குக்கர் கூப்பிடும், போய்விடுவார். கரண்டு பில் கூடினால் பழி அவருக்கு. பேரன் மார்க் குறைந்தால் பழி அவருக்கு. "பொம்பளைங்க சீரியல் பார்த்தே குடும்பம் கெடுது" என்று டீக்கடையில் தீர்மானம் நிறைவேற்றுகிறவர், முந்தின ராத்திரி மூன்று சேனலை மாற்றி மாற்றிப் பார்த்தவர். "உங்களுக்கு எது பெரியம்மா பிடிக்கும்?" என்று கேட்டேன். "எனக்கு அந்தப் பழைய பாட்டுப் போடுற சேனல் பிடிக்கும்டா. ரிமோட்டு அவருகிட்டல்ல இருக்கு" என்றார்.

பெரியப்பா, நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். சீரியல் பார்ப்பது குற்றமில்லை. நாற்காலியை நேராகப் போட்டு, பேப்பரை மடித்து வைத்து, தாராளமாகப் பாருங்கள். ரோகிணி என்றைக்கு மாட்டினால் என்ன, மாட்டாவிட்டால்தான் என்ன! "நான்தான் பார்க்கிறேன்" என்று ஊரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துப் போய்க் கழுவி வையுங்கள். வாரத்தில் ஒருநாள் ராத்திரியாவது ரிமோட்டைப் பெரியம்மா கையில் கொடுங்கள்.

போன வாரம் அவர் முன்னால் நின்று இதையெல்லாம் சொல்லியும் பார்த்தேன். முழுசாகக் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார். "நீ சொல்றது நியாயம்தான்பா. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நின்னு சொல்லு, மறைக்குது."