நின்னுக்கிட்டே ரிக்ளைன் ஆன பேராண்டி

ஏலே பேராண்டி, ‘பஸ் ஸ்டாண்டு சுவத்துல ரிக்ளைன் ஆகி நின்னேன்’னு போன்ல அளந்துக்கிட்டு இருந்தியே, காதுல விழுந்துச்சு. நின்னுக்கிட்டே ரிக்ளைன் ஆன மொத ஆளு நீதாம்லே! சுவத்துல சாஞ்சு நிக்கிறவனுக்கு இங்கிலீஷ்காரன் வச்ச பேரு லீன். எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. இங்கிலீஷ் வாத்தியாரோட முப்பது வருஷம் ஆடுபுலி ஆடுனவன் நான்.

நீ சாஞ்சிருக்கியே, அந்தத் திண்ணைத் திண்டைப் பாரு. கொத்தனார் எப்படிச் சரிச்சுக் கட்டியிருக்கான்! முதுகைக் கொடுத்தா உக்காந்த கணக்கும் இல்ல, படுத்த கணக்கும் இல்ல. அந்த ரெண்டுங்கெட்டான் கோலந்தான் ரிக்ளைன். லத்தீன்ல ‘ரெக்ளினாரே’ன்னா பின்னால சாயுறது. கூடப்பொறந்தவன் டிக்ளைன், அவனை உனக்கு நல்லாத் தெரியும், வயலுக்கு வாடான்னா தெனமும் பண்ணுதியே, அதான். கிரேக்கத்துல இவங்களுக்கு ஒரு பங்காளி உண்டு, ‘க்ளீனே’. கட்டில்னு அர்த்தம். கிளினிக் வந்தது அதுலருந்துதான். சாஞ்சே கெடக்கிறவன் கடைசியில எங்க போய்ச் சேருவான்னு அப்பவே வழி போட்டு வச்சிருக்கான் பாத்தியா!

ரோமாபுரிப் பணக்காரன் விருந்தே இப்படித்தான் சாப்பிட்டான். ‘ப’னா மாதிரி மூணு பக்கமும் கட்டிலு, இடது முழங்கையை ஊணிக்கிட்டு வலது கையால தீனி. நீ அப்படிக் கெடந்து சோறு கேட்டுப் பாரேன், உங்க பாட்டி அகப்பையாலேயே எந்திரிக்க வைப்பா.

பாங்காக் வாட் ஃபோ கோயில்ல புத்தர் 46 மீட்டர் நீளத்துக்கு ஒருக்களிச்சுக் கெடக்காரு. அவரையும் ரிக்ளைனிங் புத்தாம்பான். தலையைக் கையில தாங்கி இருக்காருல்லா! மத்தியானம் நீ வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கிற கெடைக்கு அந்தப் பேரு செல்லாது.

ஆளும் ரிக்ளைன் ஆகலாம், சீட்டையும் ரிக்ளைன் பண்ணலாம். போன தடவை மெட்ராஸ் பஸ்ல எனக்கு முன்னால இருந்தவன் விசையை அமுக்கித் தடார்னு சாஞ்சான் பாரு, சீட்டு எம் முட்டியில, அவன் தலை எம் மடியில. விழுப்புரம் வரைக்கும் பேன் பாக்காத கொறைதான்.

சரி சரி, பேசுனதுல இடுப்பு கடுக்கி. எந்திரி, அந்தத் திண்டு எனக்கு வேணும். நீ அந்தச் சுவத்துல லீன் பண்ணிக்கோ.