தொழுவம் முதல் பஞ்சாரம் வரை: பனிக்காலக் கேள்வி - பதில்

கேள்வி: மார்கழிப் பனியில் மாட்டைத் தினமும் குளிப்பாட்டலாமா? (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

பதில்: வெயில் ஏறிய பிறகு வாரத்துக்கு ஒரு தடவை போதும். மற்ற நாளில் வைக்கோல் பிரியால் தேய்த்துவிட்டாலே மாடு சொக்கி நிற்கும்.

கேள்வி: ஆட்டுக் கொட்டகைக்கு நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிக் காற்றே புகாமல் அடைத்துவிட்டேன். அப்படியும் ஆடுகள் இருமுகின்றன. குளிர் எப்படி உள்ளே போகிறது? (மூலனூர் வாசகர்)

பதில்: குளிர் உள்ளே போகவில்லை. உள்ளே இருக்கிற கெட்ட காற்றுதான் வெளியே போக வழியில்லாமல் தவிக்கிறது. நாலு பக்கத் தார்ப்பாய் என்றாலே இந்தப் பகுதியில் பேனா சீறும் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். சீறுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஆட்டின் உடம்புச் சூடு 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட். நம்மைவிட மூன்று நாலு டிகிரி அதிகம். பகலில் தின்ற தழையும் கூளமும் வயிற்றுக்குள் நொதித்து ராத்திரி முழுக்கச் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்த தரையில் நாலு ஆடு ஒட்டிப் படுத்தால் மூலனூர்க் குளிர் அவற்றை ஒன்றும் செய்துவிடாது. தரை நனைந்திருந்தால் கதையே வேறு. மூத்திரம் ஊறிய மண்ணிலிருந்து அம்மோனியா கிளம்பும். அடைத்த கொட்டகையில் அது போக இடமில்லாமல் ஆட்டின் மூச்சுக் குழாயைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிமோனியா நுழைகிறது. இதில் முதலில் விழுவது குட்டிகள்.

இன்று ராத்திரி பத்து மணிக்குக் கொட்டகைக்குள் போங்கள். நின்றபடி மோந்து பார்க்கக் கூடாது. குந்தி உட்கார்ந்து, படுத்திருக்கும் ஆட்டின் மூக்குக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஆழமாக மூச்சு இழுங்கள். கண் கரித்தால் காரணம் கிடைத்துவிட்டது. உடனே தார்ப்பாயின் மேல் ஒன்றரை அடியைச் சுருட்டிக் கட்டுங்கள். வாடை அடிக்கிற பக்கத்துக்கு மட்டும் ஆட்டின் உயரத்துக்கு மறைப்பு இருந்தால் போதும். நனைந்ததை வாரிவிட்டுக் காய்ந்த கடலைத் தோலைப் பரப்புங்கள். கையில் காசு இருந்தால் தரைக்கு மூன்று நாலு அடி மேலே பரண் போட்டுவிடுங்கள். புழுக்கை கீழே விழும், மூத்திரம் வடியும், ஆடு காய்ந்த இடத்தில் படுக்கும்.

கேள்வி: கன்றுக்குட்டிக்குச் சாக்குப் போர்த்துவது நல்லதா? (ஒரத்தநாடு வாசகி)

பதில்: காய்ந்த சாக்கு நல்லது. நனைந்த சாக்கு கன்றின் சூட்டை உறிஞ்சிவிடும். மாற்றிக் கட்ட இரண்டு சாக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குளிர் தாங்காத மாட்டுக்குக் கொஞ்சம் சாராயம் ஊற்றச் சொல்கிறார் எதிர்வீட்டுக்காரர். ஊற்றலாமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: கூடாது. சாராயம் ரத்தத்தைத் தோலுக்கு இழுத்து உள்சூட்டை வெளியே விரட்டும். மிச்சம் பாட்டில் யாருக்கு என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கார்த்திகைக்குப் பிறகு நாட்டுக்கோழி முட்டையைக் குறைத்துக்கொண்டது. யார் கண்ணாவது பட்டிருக்குமோ? (திருமங்கலம் வாசகி)

பதில்: பட வேண்டியது சூரியனுடைய கண். டிசம்பரில் அது சீக்கிரமே மூடிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் அப்போது பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். கோழி நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பதால்தான் பண்ணைகளில் விளக்குப் போடுகிறார்கள். ஏழெட்டு நாட்டுக்கோழிக்காக மின்சாரத்தைச் செலவழிக்க வேண்டாம். மாசி, பங்குனியில் பகல் நீளும்போது முட்டையும் கூடும். பூசணிக்காயைச் சுற்றி உடைப்பதற்குப் பதில் கூட்டு வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சேவல் மார்கழியில் மூன்றரை மணிக்கே கூவுகிறது. கோவில் ஒலிபெருக்கியே அதற்கு அப்புறம்தான் எழுகிறது. இருட்டில் அதற்கு மணி எப்படித் தெரியும்? (ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்)

பதில்: ஆண்டாள் ஊரிலிருந்து அதிகாலையைப் பற்றிக் கேள்வி வந்தால் சுருக்கமாக எப்படி முடிப்பது!

சேவலுக்கு உடம்புக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் சேவல்களை இரவும் பகலும் ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். விடிகிறதா இருட்டுகிறதா என்று தெரிய வழியே இல்லை. அப்படியும் அவை நாளுக்கு ஒரு முறை நேரம் பார்த்துக் கூவின. இது 2013இல் வெளியான ஆய்வு. விளக்கை ஏற்றி அணைத்துப் பகல் இரவு உண்டாக்கினால், வெளிச்சம் வருவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே கூவல் தொடங்கிவிடுகிறது. ஆகவே உங்கள் சேவலை ஒலிபெருக்கி எழுப்பவில்லை. பஞ்சாரத்தின் மேல் கோணியைப் போட்டாலும் அது கூவும்.

அதே ஆய்வாளர்கள் 2015இல் சொன்னது இன்னும் சுவையானது. பல சேவல்கள் உள்ள கூட்டத்தில் முதலில் கூவும் உரிமை பெரிய சேவலுக்குத்தான். அதற்கு அடுத்தது இரண்டாவதாக, அதற்கும் அடுத்தது மூன்றாவதாக. கோவில் முதல் மரியாதையைப் போல வரிசை பிசகாது. பெரிய சேவலைத் தூக்கிவிட்டால் இரண்டாவது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தூக்கம் கெடுகிறதே என்று இதைக் குழம்பு வைத்தால், மறுநாள் மூன்றரைக்கு அடுத்தவர் பதவியேற்பார்.

கேள்வி: ஆட்டுக்கு பி.பி.ஆர். தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். மழையும் பனியும் முடியட்டும் என்று இருக்கிறேன். சரிதானே? (விழுப்புரம் வாசகர்)

பதில்: விழுப்புரத்துக்காரர் இப்படிக் கேட்கலாமா? ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் 1942இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த ஆட்டுக்கொல்லி நோய், இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது உங்கள் மாவட்டத்து அரசூரில், 1987இல். அங்கே எடுத்த வைரஸிலிருந்தே ‘அரசூர் 87’ என்ற தடுப்பூசி விதை உருவானது. ஊர் பெயரில் தடுப்பூசி இருக்கும்போது அந்த ஊர்ப்பக்கத்து ஆடு சாகக் கூடாது.

மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். இனி பனி முடியக் காத்திருக்காமல் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்கு நாலு மாதம் நிறைந்தால் போடலாம். ஒரு ஊசி மூன்று வருடம் காக்கும். கண்ணிலும் மூக்கிலும் கெட்டிச் சளி, வாய்ப்புண், கழிச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் அந்த ஆட்டை உடனே தனியே பிரியுங்கள். சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றுத் தலைமுழுகுவது, நோயை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. இதன் மூத்த உறவான மாட்டு வெக்கை நோயை 2011இல் உலகத்தை விட்டே துரத்தியாயிற்று. இதையும் துரத்தலாம்.

கேள்வி: மழையில் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை வெயிலில் காயவைத்து மாட்டுக்கு வைக்கலாமா? (அரியலூர் வாசகர்)

பதில்: வைக்கவே கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தன. காரணம் தெரியாமல் திகைத்துத் தேடியபோது, பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு அகப்பட்டது. அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உலகம் அறிந்தது அப்படித்தான். வெயில் பூஞ்சணத்தைக் காயவைக்கும், நஞ்சு அங்கேயே இருக்கும். கறவை மாடு தின்றால் பாலிலும் வரும், அந்தப் பால் உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் போகும். மூட்டையைத் தரையில் போடாமல், சுவரில் சாய்க்காமல், பலகை மேல் அடுக்கினால் இந்த நஷ்டம் வராது.

கேள்வி: புயல் வரும் ராத்திரியில் ஆடு மாட்டைக் கட்டி வைப்பதா, அவிழ்த்து விடுவதா? (வேதாரண்யம் வாசகி)

பதில்: அவிழ்த்து விடுங்கள் அம்மா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது உங்கள் பக்கத்தில்தான். கூரை சரியும்போது, தண்ணீர் ஏறும்போது, கட்டிய மாட்டுக்கு ஓட வழி கிடையாது. அவிழ்த்த மாடு மேட்டைத் தேடிப் போகும். காற்று வலுத்த பிறகு தொழுவத்துக்குள் போக யாராலும் முடியாது. எனவே முந்தின நாள் பொழுது சாயும் முன்பே மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். தென்னைக்கு அடியிலும் மின்கம்பத்துக்குப் பக்கத்திலும் நிற்க விடாதீர்கள். இழுபடும் கயிறு எதிலாவது சிக்கும், அதனால் கழுத்துக் கயிற்றையும் கழற்றிவிடுங்கள்.

காதுத் தோட்டில் இருக்கும் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். எதையாவது இழந்துவிட்டால், புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று வாங்குங்கள். நிவாரணத்துக்கு அது வேண்டும். துக்கத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மிஞ்சியவற்றுக்கு முதலில் நல்ல தண்ணீர், பிறகு காய்ந்த தீனி. மருத்துவர் வண்டிக்கு 1962.

கேள்வி: மாட்டுப் பொங்கலுக்கு மாடு ஆசை தீரச் சாப்பிடட்டும் என்று விட்டால் என்ன? (மணப்பாறை வாசகர்)

பதில்: மணப்பாறை மாட்டுக்கு இந்தச் சோதனை வேண்டாம். அக்கா ஒரு தட்டு, மாமா ஒரு சீப்பு வாழைப்பழம், பட்டணத்துச் சின்னவன் செல்ஃபி எடுத்தபடி இன்னொரு தட்டு என்று வீட்டில் ஆளாளுக்கு ஊட்டுவார்கள். மொத்தக் கணக்கு மாட்டின் வயிற்றுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வயிறு வைக்கோலுக்கும் புல்லுக்கும் பழகியது. சோறும் வெல்லமும் அங்கே மளமளவென்று நொதித்து லாக்டிக் அமிலம் ஆகிவிடும். மாடு அசைபோடாது, பல்லைக் கடிக்கும், இடது விலா உப்பும், சாணம் புளித்து நாறும். அமிலம் ஏறினால் உயிரே போகும். சாஸ்திரத்துக்குக் கைப்பிடியளவு பொங்கலை வீட்டுப் பெரியவர் ஒருவர் மட்டும் ஊட்டட்டும். வந்தவர்கள் கையில் ஆளுக்கு ஒரு பிடி பச்சைப் புல்லைக் கொடுங்கள். கொம்புக்குக் காவியும் மஞ்சளும் அழகுதான். பக்கத்து மாடு நக்கும் என்பதால் ஈயம் கலந்த பெயிண்ட் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: முயல் வளர்க்க ஆசை. பனியில் செத்துவிடுமா? (நத்தம் வாசகர்)

பதில்: முயலுக்கு எமன் சித்திரை வெயில்தான். கொடைக்கானல் மலையில் மன்னவனூர்க் குளிரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே முயல் வளர்க்கிறது. நத்தத்தில் கூண்டு நனையாமல் இருந்தால் போதும். பாம்பும் கீரியும் புகாதபடி நெருக்கமான கம்பி வலையை முதலில் அடித்துவிட்டுப் பிறகு முயல் வாங்கப் போங்கள்.